முதல் கியர்

பானட்டைத் திறந்த பிறகுதான் விஜயலெட்சுமி லொறியின் அருகே வந்தாள்.

அதுவரை கராஜ் வாசலிலேயே, மடித்த குடையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். காலை பஸ்ஸில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பண்டாரவளைக்கு வந்திருந்தாள்.

தோட்டத்துத் தொழிற்சாலைக்குப் பின்னால் முப்பத்திரண்டு வருடமாகப் புல்லுக்குள் கிடந்த கொழுந்து லொறி அது. எல்லயில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் வாங்கிவிட்டார். பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்தினால் வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பார்களாம். அவர்கள் ஏறி இறங்குவதற்கு ஏற்றபடி ஆக்கித் தரும் வேலை கராஜ்காரன் ஸாஹிருக்கு.

அதைக் கடைசியாக ஓட்டியவர் அவளுடைய புருஷன் தம்பையா.

இறக்கத்து வளைவில் லொறி திரும்பவில்லை. நேரே பள்ளத்துக்குப் போய்விட்டது, அவரும் போய்விட்டார். கூட யாரும் இல்லை. ரோட்டில் டயர் தேய்ந்த அடையாளமே இல்லை என்று தோட்டத்து விசாரணையில் சொன்னார்கள். சாரதியின் கவனயீனம் என்று எழுதி முடித்தார்கள்.

"கழட்டுறப்ப சொல்லுங்க தம்பி, நான் வந்து பாக்கணும்" என்று போன வாரமே ஸாஹிரிடம் கேட்டிருந்தாள். அவனும் மறக்காமல் போன் எடுத்துச் சொன்னான்.

கதவில்லாத பக்கமாக உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் இஞ்சின் பெட்டி அப்படியே இருந்தது.

கல்யாணமான மறுநாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பதுளையிலிருந்து இந்த மலைக்கு வந்தாள். சூடு தொடையைச் சுட்டது. அவர் தோளில் கிடந்த துண்டை மடித்து நடுவில் வைத்தார். ஒவ்வொரு கியருக்கும் இரண்டு தடவை கிளட்சை மிதிப்பார். ஏற்றத்தில் லொறி முக்கி முனகும்போது, பின்னால் உருண்டுவிடுமோ என்று அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அவர் சிரித்தார்.

பிறகு அந்த முனகல் பழகிப்போனது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்கும்போது, இரண்டு மலைக்கு அப்பாலிருந்து வந்தாலும் எது அவருடைய லொறி என்று அவளுக்குத் தெரியும். மற்றப் பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தே கூடைகளைத் தயார்ப்படுத்துவார்கள்.

ஸாஹிர் முன் சக்கரத்துக்கு உள்ளிருந்து ஒரு ரப்பர் குழாயைக் கழற்றி எடுத்து வந்தான்.

"பாருங்கம்மா. வெடிச்ச வாய் வெளிய பாத்து விரிஞ்சிருக்கு. பிரேக்க முழு பலத்தோட மிதிச்சாத்தான் இப்புடி வெடிக்கும். அதுக்குப் பொறகு பிரேக் எங்க? ரோட்டுல அடையாளம் எப்புடி வரும்?"

அவள் குழாயைத் தொடவில்லை.

"அப்ப, பிரேக் போன பொறகு அவரு சும்மா இருந்தாரா?"

ஸாஹிர் லொறிக்குள் ஏறினான். ஹேண்ட் பிரேக் கடைசிப் பல் வரை இழுபட்டு நின்றது. கீழே அதன் கம்பிக் கயிறு அறுந்து தொங்கியது. துரு தின்ற அறுப்பு இல்லை, இழுத்த இழுப்பில் அறுந்தது என்றான். பிறகு கியர்க் கம்பியை அசைத்துப் பார்த்தான். அது அசையவில்லை.

"முதல் கியர்ல இருக்கு. ஓடுற லொறிய இதுல போட்டா கியர் பெட்டியே நொறுங்கும். நொறுங்கித்தான் கெடக்கு. தெரிஞ்சேதான் போட்டிருக்காரு. அந்த இறக்கத்துல, அந்த வேகத்துல இத உள்ள தள்ளுறது லேசுப்பட்ட வேல இல்லம்மா. கடைசி வரைக்கும் போராடியிருக்காரு."



எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒரு கடிதமும் எழுதித் தருவதாக அவன் சொன்னான். தோட்டத்தில் கொடுத்தால் தம்பையாவின் பெயரில் இருக்கிற பழியை நீக்கிவிடலாம்.

"கடுதாசி இருக்கட்டும் தம்பி" என்றாள். "நான் அதுக்கு வரல."

எதற்கு வந்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. விசாரணையில் கேட்டபோதும் சொல்லவில்லை.

லொறி பள்ளத்தில் விழுந்த அன்று காலையில், பிள்ளையைப் புதைத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவர் பேச்சை விட்டிருந்தார். சோற்றையும் ஏறக்குறைய விட்டிருந்தார். லயத்து வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம், அழுது வற்றிப்போன ஆத்திரத்தில் அவள் சொன்னாள்:

"நீங்க இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "சரி" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

ஸாஹிர் இறங்கி வழிவிட்டான். விஜயலெட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லொறிக்குள் ஏறினாள். சாரதி சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, முதல் கியரில் இறுகிப்போன அந்தக் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.  நெஞ்சுக்குள் எதுவோ இடம் விட்டுக்கொடுத்ததுபோல மூச்சு நீளமாக வந்தது.

"வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்காரு" என்றாள்.

வேறெங்கே வரப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு ஸாஹிர் அடுத்த சக்கரத்தைக் கழற்றப் போனான்.