மூடாத பலகை

ஹட்டன் கராஜ் வாசலில் மூடுபனி இறங்குகிறது. வாடகைக்கு ஹயர் ஓட்டும் மரியநாயகி தன் சின்ன ஜீப்பின் டிக்கியைத் திறந்துவைத்து நிற்கிறாள். ஒல்லி ஸ்பேர் டயருக்கென்று அமைத்த குழியில் முழு அளவு டயர் பாதி அமிழ்ந்து, மீதி துருத்திக்கொண்டு கிடக்கிறது.

"மேல் பலகை மூடாதுங்கக்கா. பழைய ஒல்லி டயரையே வச்சிருவோம்," என்கிறான் குழியை மூடும் பலகையைக் கையில் பிடித்திருக்கும் மெக்கானிக் ஜூட்சன்.

"பஞ்சராகி அத மாட்டுனப்ப, அது ஏத்தத்துல வழுக்கித்தான் போன வாரம் நெறமாசக்காரிய மழையில எறக்கி நடக்க வச்சேன்."

ஏழு வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு அவள் தலையை அழுத்திய கயிறு இப்போது டயரைச் சுற்றி வருகிறது. காலை டயரில் ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்து முடிச்சுப் போடுகிறாள். ஜூட்சன் இன்னும் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"அத நீயே வச்சிக்க தம்பி. இனி எவளும் என் வண்டிய விட்டு எறங்கி நடக்க மாட்டா."