சத்தமில்லாத வார்டு

நோயாளியை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு டாக்டரம்மா கட்டிலில் ஏறித் தூங்குகிறாள் என்று, யாரையோ பார்க்க வந்த ஒருவர் தலைமை மருத்துவரின் அறைக்கே போய்ப் பொரிந்து தள்ளிவிட்டார். பட்டப்பகலிலேயே இப்படி என்றால் ராத்திரியில் என்ன லட்சணமோ என்றும் கேட்டார்.

தலைமை மருத்துவருக்குச் சுருக்கென்றது. இன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது என்ற முடிவோடு பெண்கள் வார்டுக்கு நடந்தார்.

வாசலிலேயே அவர் கால் தயங்கியது.

எப்போதும் சந்தைக்கடையாக இரையும் வார்டு அது. இப்போது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். கட்டிலுக்குக் கட்டில் பெண்கள் விழித்தபடிதான் படுத்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிணுங்கிய கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி பூனை நடை நடந்து வெளியே போனாள்.

நடுக் கட்டிலில் பயிற்சி டாக்டர், ஸ்டெதஸ்கோப் கழுத்திலேயே இருக்க, சுருண்டு கிடந்தாள். ஸ்டூலில் இருந்த, அந்தக் கட்டிலுக்குரிய நோயாளி தலைமை மருத்துவரைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். எதற்கெடுத்தாலும் குறை சொல்வதால் நர்ஸுகள் 'புகார்ப் பெட்டி' என்று பெயர் வைத்திருந்தது இவளுக்குத்தான்.

"எழுப்பாதீங்க சார்," என்று கிசுகிசுத்தாள். "என் நாடியைப் பார்த்துட்டே தலை சாஞ்சிட்டா. நான்தான் இழுத்துப் படுக்க வச்சேன்."

மருந்து, ஊசியெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகவும் அவசரம் என்றால் எழுப்பிவிடுவதாகவும் பக்கத்தில் நின்ற நர்ஸ் மெல்லச் சொன்னாள்.

"முடியலைன்னா லீவு கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டாங்க சார்," என்றாள் நர்ஸ். "ஆள் இல்லைன்னு நீங்கதான் திருப்பி அனுப்பிட்டீங்க."

அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பினார்.

கடைசிக் கட்டிலில் ஓர் அம்மாள் தலையணையில் முகம் புதைத்துக் குலுங்குவது கண்ணில் பட்டது. அழுகிறாளோ என்று போய்க் குனிந்தார். அழுகை இல்லை, இருமல். கண்ணில் நீர் முட்ட முட்ட அடக்கிக்கொண்டிருந்தாள்.

தலைமை மருத்துவர் தன் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக வராந்தாவுக்கு அழைத்துப் போய், இருமித் தீர்க்கும்வரை முதுகைத் தடவிக் கொடுத்தார். இப்படியா மூச்சைப் பிடித்துக்கொண்டு அடக்குவது என்று கேட்டார்.

"நேத்து ராத்திரி பூரா எனக்கு இழுப்பு சார். அந்தப் பொண்ணு கொஞ்சம்கூட நகராம பக்கத்துலயே உக்காந்திருந்தா. அவ தூக்கத்தைக் கெடுத்தவ நான்தானே?"

"நீங்க இல்லைம்மா," என்றார் தலைமை மருத்துவர். "போய்ப் படுங்க. இன்னிக்கு அவ வேலையை நான் பார்க்கிறேன்."