எஸ்கேப்புக்கு மூன்று அர்த்தம்

“எஸ்கேப்” என்று சொல்லி விரலை உயர்த்தினார் சந்தானம். பூனை எம்பி அந்த விரலை நக்கியது.

“சீ, சனியனே!”

சணல் கம்பெனியில் அவர் ஹெட் கிளார்க். துரைக்கு எதிரே மூச்சு விடமாட்டார். பவானிபூர் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினால் அவரேதான் துரை. தினமும் சாயங்காலம் மனைவி நாகலக்ஷ்மிக்கு இங்கிலீஷ் பாடம்.

கைதி ஜெயிலிலிருந்து ஓடினால் எஸ்கேப். தெருவிளக்குக் குழாயில் காஸ் கசிந்தால் அதுவும் எஸ்கேப். ஒரு காரியம் யார் கண்ணிலும் படாமல் போனாலும் எஸ்கேப்தான். மூன்றாவதை அவர் ரொம்ப ரசித்துச் சொன்னார்.

நாகலக்ஷ்மி சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, நேற்றுக் கேட்டதையே மறுபடியும் கேட்டாள். பக்கத்து வீட்டு வங்காளி மன்னி, எல்லோரும் ‘பௌதி’ என்று கூப்பிடுகிறவள், மத்தியானத்தில் பெண்களுக்கு வகுப்பு நடத்துகிறாளே, தானும் போகட்டுமா? பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

“மீன் வறுக்கற ஆத்துப் படிய மிதிப்பியோ? நம்ம ஆசாரம் என்னடி ஆறது? அந்த வாடை பட்டாலே நேக்குக் குமட்டும்!”

பூனை அவர் மடியில் ஏறியது. பக்கத்திலேயே தம்ளர் நிறையப் பால் இருந்தது. அதை அது திரும்பியும் பார்க்கவில்லை. முன்னங்கால்கள் இரண்டையும் அவர் மார்பில் ஊன்றிக்கொண்டு, துரையைப் பார்த்து வைத்துக்கொண்ட அந்த மீசையை ஆசை ஆசையாய் நக்க ஆரம்பித்தது.

சந்தானத்துக்கு வியர்த்துவிட்டது.

ஆபீஸ் விட்டதும் தர்மதல்லா கடைத்தெருவில் வழக்கமாகத் தின்கிற மீன் கட்லெட். கை கழுவி, வாய் கொப்பளித்து, வெற்றிலையும் போட்டாயிற்று. பாவி மீசையை மறந்துவிட்டாரே!

“இந்த மூதேவி எப்படிடி உள்ளே வந்தது?”

“பௌதியாத்துப் பூனைன்னா. எனக்கு ஒரு சந்தேகம். சித்த நாழிக்குன்னு கேட்டு வாங்கிண்டு வந்தேன்” என்றாள் நாகலக்ஷ்மி.

பூனையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சிலேட்டையும் எடுத்துக்கொண்டாள்.

“இதைக் கொண்டுபோய் விட்டுட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டுண்டு வரட்டுமா?”

“கேட்டுண்டு வாயேன். நான் எப்போ வேண்டாம்னேன்?” என்றார் சந்தானம், மீசையைத் துடைத்துக்கொண்டே.