கம்பியின் உயரம்

ரயில் பாதைக்கு மேலே போகும் பழைய பாலத்தை உயர்த்த முடியாது என்று மேலிடம் கையை விரித்துவிட்டதால், அதன் அடியில் மட்டும் மின்கம்பியைத் தாழ்த்திக் கட்டிக்கொண்டிருந்தோம். பாலத்தோரத்துக் குடிசையிலிருந்து அஞ்சலாட்சி வந்து நின்றாள்.

"சார், கம்பிய இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்க. எங்க வீட்டுக்காரரு நல்ல உயரம்."

ரயில் கூரைமேல் உட்கார்ந்து வேலைக்குப் போய்வந்த அவள் கணவன், இதே பாலத்தில் தலை மோதிச் செத்துப் பல வருடமாகிறது என்று தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் சொல்லியிருந்தார். சாயங்கால பாசஞ்சர் வரும்போதெல்லாம் அவள் தண்டவாளத்தோரம் நின்று, "குனிஞ்சுக்குங்க!" என்று கத்துவதை நானே பார்த்திருக்கிறேன்.

"இப்ப யாரும் கூரையில வர்றதில்லம்மா."

"அவரு வர்றாரே."

கம்பியில் மின்சாரம் விட்ட அன்று அதே பாசஞ்சர் மின்சார எஞ்சினோடு வந்தது. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். வாயே திறக்கவில்லை. ரயில் பாலத்தைக் கடந்து போயிற்று.

"இன்னிக்கு ஏம்மா கத்தல?"

"நேத்தே எறங்கிடச் சொல்லிட்டேன் சார்."

கிளம்பக் காலெடுத்தேன். எனக்கு முன்னால் யாருமில்லாத இடத்தை அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க, சார் போகணும்."