டிரான்சிஸ்டரின் காலடியில் ஒரு ரெசிஸ்டர்

மைக் ஆம்பிளிஃபயருக்குள் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. அதன் காலடியில் ஒரு குட்டி ரெசிஸ்டர், மின்சாரத்தை அளவோடு பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது.

“விடுடா என்னை. நான் கத்தினா ஊரே கேக்கும்” என்று டிரான்சிஸ்டர் தினமும் எரிந்து விழும்.

“சூடாயிடுவீங்க அண்ணே” என்று மட்டும் சொல்லும் ரெசிஸ்டர்.

ஒருநாள் சத்தம் போதவில்லை என்று மெக்கானிக் சவரிமுத்து, ரெசிஸ்டரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டார். மின்சாரமெல்லாம் வயர் வழியே பாய்ந்தது. டிரான்சிஸ்டர் ஆசை தீரக் கத்தியது. பிறகு, “தம்பி, சுடுதுடா, பிடிச்சுக்கோ” என்று அலறியது.

பிடிக்க ரெசிஸ்டரிடம் எதுவும் வரவில்லை.

சவரிமுத்து வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கருகியதை எடுத்து, புது டிரான்சிஸ்டரைப் பற்றவைத்தார்.

கண் விழித்ததுமே அது சீறியது: “எவன்டா என்னைப் பிடிச்சு வச்சிருக்கறது?”

“நான்தான், தம்பி” என்றது ரெசிஸ்டர்.