கழற்றி மாட்டியது

பத்து நாள் இரவல் வாங்கிப்போன அண்ணன் வைரவநாதன் திருப்பித் தந்ததிலிருந்து, செண்பகராமனின் வண்டி ஏசியில் அனல்தான் வந்தது. அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் வண்டி அது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்தோணியின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினான். கூப்பிடாமலே அண்ணனும் தன் வண்டியில் பின்னால் வந்தான். அதே மாடல், ஐந்து வருடம் பழசு. “வெயில்ல இருக்காதீங்க” என்று அம்மாவைத் தன் வண்டிக்குள் உட்காரவைத்தான். அங்கே ஏசி சில்லென்று ஓடியது.

அந்தோணி மீட்டரை மாட்டிப் பார்த்தார். “கேஸ் சரியா இருக்கு. கம்ப்ரசர்தான் அமுக்கல.” டார்ச் அடித்துக் குனிந்தார். “இது இந்த வண்டிக்கு வந்ததில்ல தம்பி, ரொம்பப் பழசு. யாரோ கழட்டி மாத்தியிருக்காங்க. போல்ட்டுல ஸ்பேனர் தடம்கூட புதுசா இருக்கு.”

செண்பகராமன் அண்ணனிடம் திரும்பினான். “ஒன் பானெட்டைத் தொற.”

“தொறக்க முடியாதுல. என்ன செய்வ?”

செண்பகராமன் அவன் சட்டையைப் பிடித்தான். அண்ணன் அறைந்தான். அந்தோணி நடுவில் புகுந்து விலக்கினார்.

சண்டையைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கிய அம்மாவிடம் அந்தோணிதான் விஷயத்தைச் சொன்னார். அவள் இறங்கி, வண்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து, செண்பகராமனின் வண்டியில் ஏறினாள். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றச் சொன்னாள்.

வைரவநாதன் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான். “வெந்து போவீங்கம்மா. எறங்குங்க.”

அவள் முகத்தில் வியர்வை வழிந்தது. துடைக்காமல் அவனையே பார்த்தாள்.

“வண்டிய எடுல” என்றாள் சின்னவனிடம்.