அம்முவின் சீட்டு

அம்மு காதலித்தவனையே மணந்துகொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போய்விட்ட பிறகும், திருவொற்றியூர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்தின்போது ரமாபாய் மகளுக்கும் சேர்த்தே சீட்டுப் போட்டாள். ஆளுக்கு ஒரு சீட்டு மூடி, நான்கு சீட்டு திறந்து. ஆட்டத்தை விடுகிறவர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்ந்த சீட்டுகளை ஒன்று விடாமல் நினைவில் வைத்திருப்பார் அவள் கணவர் பீம்ராவ். மகளோடு மட்டும் பேசமாட்டார்.

அன்று அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தபோது, அம்முவின் சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன.

"இன்னாமே, நீயா கவுத்தே?"

"நான் டீ ஆத்திகினு கீறேன். ஃபேன் காத்தா இருக்கும்."

கரண்ட் போய் அரை மணி நேரமாகியிருந்தது.

"ரெண்டு எட்டு வச்சிகினு எவளாவது கவுப்பாளா? நைனா ஜெயிக்கட்டும்னு எப்பவும் வுட்டுக் குடுத்துடுவா" என்றார் பீம்ராவ்.

"கல்யாண விஷயத்துல மட்டும் வுட்டுக் குடுக்கல. அதுக்குப் போயி ஒரு வருசமா மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற."

பீம்ராவ் தன் சீட்டுகளைக் கவிழ்த்தார். போனை எடுத்தார்.

"அம்மு, நைனாதான். இந்த ஆட்டம் நீ ஜெயிச்சிட்டம்மா. ரெண்டு எட்டு. அந்தப் பையனையும் இட்டுகினு வூட்டுக்கு வா."

மறுமுனையில் அம்மு அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"ரெண்டு இல்ல நைனா, மூணு."

அதுவரை யாருமே பார்த்திராத அவளுடைய மூடிய சீட்டை ரமாபாய் திருப்பினாள்.

ஸ்பேடு எட்டு.